737 ஆட்-ஆன் சொன்னபடி பறக்கவில்லையா? எங்கே தவறுகிறது, எப்படிச் சரிசெய்வது

கேள்வி சுருக்கமாக இதுதான். மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரோடு வரும் விமானங்களை நன்றாகவே ஓட்டிப் பழகியவர் பிஎம்டிஜி நிறுவனத்தின் 737-800 ஆட்-ஆனை, அதாவது சிமுலேட்டரில் தனியாகச் சேர்க்கும் விமான மென்பொருளை, வாங்கியிருக்கிறார். சில சமயம் இன்ஜின் ஸ்டார்ட் ஆவதில்லை. டேக்-ஆஃப் ஓட்டத்தின் நடுவில் த்ரஸ்ட் (இன்ஜினின் உந்துவிசை) விழுந்துவிடுகிறது. நடுவானில் ஆட்டோபைலட் பாதையை விட்டு விலகுகிறது. இறங்கும்போது ஒவ்வொரு முறையும் உயரமாகவே வந்து சேர்கிறது. குறை ஆட்-ஆனிலா, கணினி அமைப்பிலா, ஓட்டும் முறையிலா?

இவற்றில் ஒன்றுகூட ஆட்-ஆனின் குறையாக இருக்க வாய்ப்பு குறைவு. சிமுலேட்டரோடு வரும் விமானத்தில் பட்டனை அழுத்தினால் வேலை நடந்துவிடும். பிஎம்டிஜி 737, ஃபெனிக்ஸ் ஏ320 போன்ற ஆட்-ஆன்களில் பட்டனை அழுத்துவது ஒரு வேண்டுகோள் மட்டுமே. நிபந்தனைகள் பொருந்தினால் விமானம் ஏற்கும், இல்லையென்றால் சத்தமில்லாமல் விட்டுவிடும், சில சமயம் வேறு மோடுக்கு (இயங்கு நிலைக்கு) போய்விடும். என்ன நடந்தது என்பதை முழுமையாகச் சொல்லும் இடம் ஒன்றே ஒன்று: பைலட்டின் முதன்மைத் திரையின் உச்சியில் இருக்கும் எஃப்எம்ஏ பட்டை, அதாவது எந்த மோடு இயங்குகிறது என்று காட்டும் பட்டை.

737இல் அது மூன்று பத்திகள். இடப்பக்கம் ஆட்டோத்ராட்டில் (த்ரஸ்ட்டைத் தானாகக் கட்டுப்படுத்துவது), நடுவில் விமானத்தைப் பக்கவாட்டில் வழிநடத்தும் மோடு, வலப்பக்கம் மூக்கை ஏற்றி இறக்கும் மோடு. பெரிய பச்சை எழுத்து இப்போது செயலில் இருப்பது. சிறிய வெள்ளை எழுத்து தயாராகக் காத்திருப்பது. ஒரு மோடு மாறினால் அதைச் சுற்றி 10 விநாடிக்குப் பச்சைக் கட்டம் தெரியும். எதை அழுத்தினாலும் கண் அந்தக் கட்டத்துக்குப் போக வேண்டும், வந்த சொல்லை வாய்விட்டுப் படிக்க வேண்டும். மேலே சொன்ன நான்கு சிக்கல்களில் மூன்றை இந்த ஒரு பழக்கமே காட்டிக்கொடுத்துவிடும்.

விமானத்துக்குள் போவதற்கு முன் வெளியே சரிசெய்ய வேண்டியவை சில உண்டு. சிமுலேட்டரின் உதவி அமைப்புகளில் ஆட்டோ ரடர், டேக்-ஆஃப் உதவி, லேண்டிங் உதவி, ஏஐ கோ-பைலட் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். இவை ஆட்-ஆனின் சொந்த ஆட்டோபைலட்டோடு மல்லுக்கு நிற்கும். அடுத்து கட்டுப்பாட்டுப் பட்டியலைத் திறந்து, உங்கள் த்ராட்டில் குவாட்ரன்ட்டின் எந்த லீவராவது மிக்ஸ்சருக்கு (எரிபொருள்-காற்றுக் கலவைக்கு) ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பல கருவிகளுக்குச் சிமுலேட்டர் தானாகவே அப்படி ஒதுக்கிவிடுகிறது. 737இல் மிக்ஸ்சர் கிடையாது. அந்த லீவரின் உள்ளே தேய்ந்த பொட்டென்ஷியோமீட்டர் ஒரு துளி நடுங்கினாலும் எரிபொருள் வெட்டும் கட்டளையாகப் போய்ச் சேரக்கூடும். "சில சமயம்" மட்டும் இன்ஜின் எடுக்காமல் போவதற்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். அந்த ஒதுக்கீட்டை முழுதாக நீக்குங்கள்.

ஸ்பீட்பிரேக்குக்கு (இறக்கையின் மேல் எழுந்து வேகத்தைக் குறைக்கும் தகடுகளுக்கு) லீவர் வைத்திருந்தால், அது முழுக்கக் கீழே இறங்கியதும் காக்பிட்டில் இருக்கும் லீவரும் உண்மையிலேயே கீழே அமர்கிறதா என்று பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் தூக்கி நின்றாலும் டேக்-ஆஃபுக்கு த்ரஸ்ட் கொடுத்தவுடன் எச்சரிக்கை ஹாரன் அலறும். அதே ஹாரனுக்கு வேறு காரணங்களும் உண்டு: ஃபிளாப்ஸ் வைக்காதது, பார்க்கிங் பிரேக்கை விடாதது, ஸ்டெபிலைசர் ட்ரிம் (வால் இறக்கையின் கோண அமைப்பு) பச்சைப் பட்டைக்கு வெளியே இருப்பது.

ஜாய்ஸ்டிக்கின் இரு அச்சுகளுக்கும் 3 முதல் 5 சதவீதம் டெட் ஸோன் (சிறு அசைவைக் கண்டுகொள்ளாத இடம்) கொடுங்கள். இது வசதிக்காக மட்டும் அல்ல. 737இல் ஆட்டோபைலட் இயங்கும்போது யோக்கை (ஓட்டும் பிடியை) வலுவாகத் தள்ளினாலோ திருப்பினாலோ, ஆட்டோபைலட் அணைந்துவிடாமல் சிடபிள்யூஎஸ் என்ற மோடுக்கு நழுவும். அந்த மோடில் விமானம் பாதையைப் பின்பற்றாது, கடைசியாக இருந்த நிலையைப் பிடித்துக்கொண்டு போகும். உண்மையான யோக்கில் இதற்கு நல்ல பலம் வேண்டும். வீட்டு ஜாய்ஸ்டிக்கில் விரல் பட்டாலே போதும். எஃப்எம்ஏவில் மஞ்சள் எழுத்தில் சிடபிள்யூஎஸ் ஆர் (பக்கவாட்டு) அல்லது சிடபிள்யூஎஸ் பி (மூக்கின் ஏற்ற இறக்கம்) என்று தெரிந்தால் ஆட்டோபைலட் "பாதையை விட்டுப் போன" காரணம் கிடைத்துவிட்டது. எல்நாவ் (பதிந்த வழித்தடத்தைப் பக்கவாட்டில் பின்பற்றும் மோடு) பட்டனை மறுபடி அழுத்துங்கள், பச்சையில் எல்நாவ் வந்ததா என்று பாருங்கள்.

இப்போது த்ரஸ்ட் விழும் சிக்கல். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் இதனால்தான் ஆட்-ஆனையே குறை சொல்கிறார்கள். உண்மையான 737இல் ஆட்டோத்ராட்டில் த்ரஸ்ட் லீவர்களை மோட்டாரால் நகர்த்தும். உங்கள் மேஜையில் இருக்கும் லீவர் நகராது. லீவரை 40 சதவீத என்1 (இன்ஜின் விசிறியின் சுழற்சி வேகம்) வரை தள்ளி, இரண்டு இன்ஜினும் நிலைபெற்றதும் டிஓஜிஏ (டேக்-ஆஃப் த்ரஸ்ட் கேட்கும்) பட்டனை அழுத்துகிறீர்கள். எஃப்எம்ஏவின் இடப்பத்தியில் என்1 என்று வருகிறது, திரையில் உள்ள லீவர் டேக்-ஆஃப் அளவுக்கு ஏறுகிறது. மேஜையில் உள்ளது அதே 40இல் நிற்கிறது. 84 நாட் (மணிக்கு 84 நாட்டிகல் மைல்) வேகத்தில் இடப்பத்தி டிஎச்ஆர் ஹோல்டு என்று மாறும். அந்த நொடியில் ஆட்டோத்ராட்டில் லீவரை விட்டுவிடுகிறது, பைலட் கையால் த்ரஸ்ட்டை மாற்ற முடியும் என்பதற்காக. பிஎம்டிஜி அமைப்புகளில் வன்பொருள் லீவர் எப்போது ஆட்டோத்ராட்டிலை மீறலாம் என்று ஒரு தேர்வு இருக்கிறது: எப்போதும், ஹோல்டு போன்ற மோடுகளில் மட்டும், ஒருபோதும் இல்லை. "எப்போதும்" அல்லது "ஹோல்டில் மட்டும்" என்று இருந்தால், 84 நாட்டைத் தாண்டியதும் உங்கள் லீவரின் ஒரு சிறு நடுக்கம் த்ரஸ்ட்டை 40க்கு இழுத்துவிடும்.

இதற்கு இரண்டு தீர்வுகள். ஒன்று, அந்தத் தேர்வை "ஒருபோதும் இல்லை" என்று வைப்பது. இரண்டாவது, டிஓஜிஏ அழுத்தியதும் கையிலுள்ள லீவரையும் திரையிலுள்ளதோடு சேர்த்து மேலே தள்ளிவிடுவது. இரண்டாவதுதான் நல்ல பழக்கம். டேக்-ஆஃபை நடுவில் கைவிட வேண்டியிருந்தால் இழுக்க லீவர் கையில் இருக்கும். இதே கணக்கு லேண்டிங்கிலும் வரும். ஆட்டோத்ராட்டிலை நிறுத்தும் கணத்தில் த்ரஸ்ட் உங்கள் மேஜை லீவர் நிற்கும் இடத்துக்குத் தாவும். நிறுத்துவதற்கு முன் லீவரை இறுதி அணுகுமுறைக்குத் தேவையான என்1 அளவுக்கு, ஃபிளாப்ஸ் 30இல் சுமார் 50 முதல் 60 சதவீதத்துக்கு, கொண்டுவந்து வையுங்கள்.

காக்பிட்டுக்கு உயிர் கொடுக்கும் வரிசை எளிது. பேட்டரி, ஃபயர் டெஸ்ட், ஏபியூ (வாலில் இருக்கும் சிறு துணை இன்ஜின்). ஏபியூ சுவிட்சை ஸ்டார்ட்டுக்குத் தள்ளி விட்டதும் ஒன்றிரண்டு நிமிடத்தில் நீல நிற ஏபியூ ஜெனரேட்டர் விளக்கு எரியும். அது எரிந்த பிறகுதான் இரண்டு ஏபியூ ஜெனரேட்டர் சுவிட்சுகளையும் கீழே இழுக்க வேண்டும். அதற்கு முன் இழுத்தால் ஒன்றும் நடக்காது.

அடுத்து ஐஆர்எஸ், விமானம் எங்கே இருக்கிறது என்று தானே கணிக்கும் கருவி. இரண்டு குமிழ்களையும் நாவ் நிலைக்குத் திருப்புங்கள். பூமத்திய ரேகைக்கு அருகே சுமார் 5 நிமிடத்திலும், உயர்ந்த அட்சரேகைகளில் 17 நிமிடம் வரையிலும் அது தன் இடத்தைக் கணித்துக்கொள்ளும். இந்த நேரத்தில் விமானம் அசையக் கூடாது. எஃப்எம்சியின் (விமானத்தின் வழித்தடக் கணினியின்) இடநிலைப் பக்கத்தில் விமான நிலையக் குறியீட்டைப் போட்டு, வரும் ஆயங்களை ஐஆர்எஸ் வரியில் பதியுங்கள். மறந்தால் அலைன் விளக்குகள் மின்னத் தொடங்கும், திரையில் மேப் வராது, எல்நாவுக்கும் வழியில்லை. காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்கள் பிஎம்டிஜி அமைப்புகளில் இந்த நேரத்தைச் சுருக்கிக்கொள்ளலாம். அதில் தவறில்லை.

எடை விவரத்தில்தான் பலருடைய பயணம் தொடங்கும்போதே கோணலாகிறது. பயணத் திட்டம் போடும் சிம்ப்ரீஃப் தளம் இலவசமாகத் தரும் திட்டத்தில் விமானமும் பயணிகளும் சரக்கும் சேர்ந்த, எரிபொருள் சேராத எடை இருக்கும். அதை எஃப்எம்சியின் பெர்ஃப் இனிட் பக்கத்தில் ஜிடபிள்யூ (மொத்த எடை) வரியில் அல்ல, இசட்எஃப்டபிள்யூ (எரிபொருள் சேராத எடை) வரியில் போட வேண்டும். வரி மாறினால் விமானம் தன்னைப் பல டன் இலகுவாக நினைத்துக்கொள்ளும், எல்லா வேகக் கணக்கும் குறைவாக வரும், மூக்கைத் தூக்கும்போது எழும்பாது. 737-800க்கு இசட்எஃப்டபிள்யூவின் உச்சம் 62,732 கிலோ. அதற்கு மேல் ஒரு எண் போட வேண்டிய நிலை வந்தால் தவறான வரியிலோ, பவுண்டு கணக்கிலோ இருக்கிறீர்கள். காக்பிட்டில் உள்ள டேப்லெட்டில் ஏற்றிய எடையும் எஃப்எம்சியில் போட்ட எடையும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒருமுறை ஒப்பிடுங்கள். இரண்டும் தனித்தனி. எஃப்எம்சியில் எண்ணை மாற்றினால் விமானத்தின் உண்மையான எடை மாறாது.

எரிபொருளில் ஒரு நுணுக்கம். இறக்கைத் தொட்டிகள் ஒவ்வொன்றும் சுமார் 3,900 கிலோ பிடிக்கும். குறும்பயணத்துக்கு 6,500 கிலோ போட்டால் நடுத் தொட்டி காலி, அதன் பம்புகளை அணைத்தே வையுங்கள். நடுவில் சுமார் 450 கிலோவுக்கு மேல் இருந்தால் மட்டும் போடுங்கள்.

வழித்தடத்தைப் பதிந்த பின் ஆக்டிவேட், பிறகு எக்ஸெக். எக்ஸெக் விளக்கு எரிந்துகொண்டிருக்கும் வரை நீங்கள் போட்ட எதுவும் நடைமுறைக்கு வரவில்லை. அடுத்து லெக்ஸ் பக்கத்தை (வழித்தடப் புள்ளிகளின் பட்டியலை) முதலிலிருந்து கடைசி வரை புரட்டுங்கள், மேப்பை ப்ளான் நிலையில் வைத்து ஒவ்வொரு புள்ளியாகப் பாருங்கள். புறப்பாட்டுத் தடம் முடிந்து வழித்தடம் தொடங்கும் இடத்தில் பெட்டி வடிவில் ஒரு இடைவெளி கிடக்கலாம், வருகைத் தடத்துக்கும் அணுகுமுறைக்கும் நடுவிலும் கிடக்கலாம். இடைவெளி வந்ததும் எல்நாவ் விட்டுவிடும், விமானம் இருந்த திசையிலேயே போகும். ஆட்டோபைலட் வழிதவறுவதற்கு ஜாய்ஸ்டிக் நடுக்கத்துக்கு அடுத்த பெரிய காரணம் இதுதான். கீழே உள்ள புள்ளியைத் தேர்ந்து மேலே உள்ள பெட்டியில் போட்டால் இடைவெளி மூடும். ஆனால் கண்ட்ரோலர் வெக்டர் (பறக்க வேண்டிய திசை) கொடுக்கும் இடங்களில் அட்டவணையிலேயே இடைவெளி இருக்கும். அதை மூடாமல் ஹெட்டிங் மோடில் பறப்பதே சரி.

இன்ஜின் ஸ்டார்ட்டுக்கு இரண்டு பேக்குகளும் (ஏர்கண்டிஷனர்கள்) அணைந்திருக்க வேண்டும், ஏபியூ பிளீட் (அழுத்தக் காற்று) போட்டிருக்க வேண்டும், எரிபொருள் பம்புகள் ஓட வேண்டும். பேக்கை அணைக்க மறந்தால் குழாய் அழுத்தம் விழுந்து என்2 (இன்ஜினின் உள் தண்டின் சுழற்சி வேகம்) சுமார் 15 சதவீதத்திலேயே தள்ளாடும். ஸ்டார்ட் குமிழை ஜிஆர்டிக்குத் திருப்பி, என்2 25ஐ எட்டும்வரை காத்திருந்து ஸ்டார்ட் லீவரை ஐடிலுக்குத் தூக்குங்கள். 56 சதவீதத்தில் குமிழ் தானாக விடுபடும். அவசரப்பட்டு 10இலேயே எரிபொருள் கொடுத்தால் வெளியேறும் வாயுவின் வெப்பம் சிவப்புக் கோட்டைத் தாண்டும், நல்ல ஆட்-ஆன்கள் இதையும் காட்டும். இரண்டு இன்ஜினும் எடுத்த பிறகு இன்ஜின் ஜெனரேட்டர்கள், ப்ரோப் ஹீட், பேக்குகள் ஆட்டோவில், ஏபியூ பிளீட் அணைப்பு. இந்தப் பேக்குகளைத் திரும்பப் போட மறந்தால் 10,000 அடியைத் தாண்டியதும் கேபின் அழுத்த எச்சரிக்கை கேட்கும்.

டேக்-ஆஃபுக்கு முன் எம்சிபி (ஆட்டோபைலட் பட்டன்கள் உள்ள) பலகையில் வேக ஜன்னலில் வி2 (பாதுகாப்பாக மேலெழும் வேகம்), உயர ஜன்னலில் முதல் அனுமதி உயரம், இரண்டு ஃப்ளைட் டைரக்டர்களும், ஆட்டோத்ராட்டில் ஆர்மும். எல்நாவும் வீநாவும் (உயரப் பாதையைப் பின்பற்றும் மோடு) அழுத்தி வெள்ளையில் வந்தனவா என்று பாருங்கள். வரவில்லையென்றால் வழித்தடம் நடைமுறைக்கு வரவில்லை, அல்லது பெர்ஃப் பக்கம் முழுமையாகவில்லை. தரையிலிருக்கும்போதே கண்டுபிடித்துவிடலாம்.

மேலெழுந்ததும் 50 அடியில் எல்நாவ் பச்சையாகும், 400 அடியில் வீநாவ் எஸ்பிடி (வேகத்தைக் காப்பாற்றும் வீநாவ்). மூக்கை விநாடிக்கு 2 முதல் 3 டிகிரி வேகத்தில் தூக்குங்கள். 737-800 நீளமான உடல் கொண்டது, தரையில் 11 டிகிரியில் வால் இடிக்கும். ஃபிளாப்ஸ் 5இல் 8 டிகிரி வாக்கில் தானாகவே எழும்பிவிடும்.

நேரத்தை வேகப்படுத்துவது க்ரூஸில் (உயரத்தில் சீராகப் பறக்கும் கட்டத்தில்) மட்டும் இருக்கட்டும், 4 மடங்குக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் போனால் திருப்பங்களில் ஆட்டோபைலட் ஆடத் தொடங்கும். தூரப் பயணத்தில் எழுந்துபோக வேண்டியிருந்தால் பிஎம்டிஜியில் இறக்கம் தொடங்கும் இடத்தில் தானாக நிறுத்தும் வசதி உண்டு. அதைப் போட்டுவிட்டு நிம்மதியாகப் போகலாம்.

இனி இறக்கம். உயரமாக வந்து சேர்வதற்குக் காரணம் பெரும்பாலும் கீழே அல்ல, 100 மைலுக்கு முன்பே இருக்கிறது. முதல் காரணம் எளிது. இறக்கத் தொடக்கப் புள்ளிக்கு முன் உயர ஜன்னலில் கீழ் உயரத்தைப் போடாவிட்டால் வீநாவ் இறங்காது. உயர ஜன்னலை மீறி அது போகாது. புள்ளி நெருங்கும்போது எஃப்எம்சி, எம்சிபி உயரத்தை மாற்று என்று செய்தி கொடுக்கும். அது வந்த பிறகும் சும்மா இருந்தால் விமானம் க்ரூஸ் உயரத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

இரண்டாவது காரணம் எஃப்எம்சிக்குக் காற்று தெரியாதது. எஃப்எம்சி போடும் பாதையை நம்பும் முன் மனக்கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். இறங்க வேண்டிய உயரத்தை ஆயிரங்களில் எடுத்து மூன்றால் பெருக்கினால் தேவையான நாட்டிகல் மைல். வேகம் குறைக்க 10 நாட்டுக்கு 1 மைல் கூட்டுங்கள். பெங்களூரு விமான நிலையம் சுமார் 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. 35,000 அடியிலிருந்து இறங்க 32 ஆயிரம் அடி, அதாவது 96 மைல். 280 நாட்டிலிருந்து 180க்கு வர இன்னும் 10. மொத்தம் 106. இறக்கம் ஏறத்தாழ 20 நிமிடம் எடுக்கும். சராசரியாக 30 நாட் பின்காற்று வீசினால் அந்த 20 நிமிடத்தில் காற்று மட்டுமே உங்களை 10 மைல் முன்னே தள்ளிவிடும். ஆக 116இல் தொடங்க வேண்டும். எஃப்எம்சிக்கு இந்தக் காற்றைச் சொல்லாவிட்டால் அது 106இல்தான் தொடங்கும். இறக்கப் பக்கத்தின் ஃபோர்காஸ்ட் பகுதியில் இரண்டு மூன்று உயரங்களுக்கான காற்றைச் சிம்ப்ரீஃப் திட்டத்தைப் பார்த்துப் போடுங்கள். இதை ஒரு பயணத்தில் செய்து பார்த்தாலே வித்தியாசம் தெரியும்.

மூன்றாவது காரணம் மோடுகளைக் குழப்பிக்கொள்வது. வீநாவ் பாதையில் இறங்கும்போது விமானம் பாதையைத்தான் காப்பாற்றும், வேகத்தை அல்ல. பின்காற்று மிகுந்தால் பாதையிலேயே நின்றுகொண்டு வேகம் ஏறும், ட்ராக் ரிக்வயர்டு (இழுவை தேவை) என்று செய்தி வரும். அது ஸ்பீட்பிரேக்கைக் கேட்கிறது, கொடுங்கள். லெவல் சேஞ்ச் மோடு இதற்கு நேரெதிர். இன்ஜின் ஐடிலில் இருக்கும், மூக்கின் கோணத்தால் வேகம் காப்பாற்றப்படும், எவ்வளவு சீக்கிரம் இறங்கும் என்பது வேகத்தைப் பொறுத்தது. உயரமாகச் சிக்கிக்கொண்டால் லெவல் சேஞ்சில் வேகத்தைக் கூட்டி ஸ்பீட்பிரேக்கும் கொடுத்தால் சீக்கிரம் இறங்கலாம். விஎஸ் மோடு நீங்கள் கேட்ட ஏறும் அல்லது இறங்கும் வேகத்தை மட்டுமே கொடுக்கும். உயரத்தில் விஎஸ் வைத்து ஏறுகிறவர்கள் வேகம் கரைந்து ஸ்டால் (இறக்கை தூக்குவிசையை இழப்பது) வரை போவது இதனால்தான்.

737 ஒரே நேரத்தில் இறங்கவும் வேகம் குறைக்கவும் மறுக்கும் விமானம். 3 டிகிரி சரிவில் இறக்கைகள் சுத்தமாக இருந்தால் ஐடிலில்கூட வேகம் குறையாது. ஆகவே சோதனைப் புள்ளிகள் வேண்டும்: தரையிலிருந்து 10,000 அடி இருக்கும்போது 30 மைல், 250 நாட். 10 மைலில் சுமார் 3,000 அடி, ஃபிளாப்ஸ் 5, 180 நாட். இவற்றில் தவறினால் அங்கேயே சரிசெய்யுங்கள், 5 மைலில் அல்ல. சக்கரம் நல்ல பிரேக். 270 நாட்டுக்குக் கீழே எப்போதும் இறக்கலாம். ஃபிளாப்ஸுக்கு வரம்புகள் உண்டு: 1 முதல் 5 வரை 250 நாட், 10க்கு 210, 15க்கு 200, 25க்கு 190, 30க்கு 175, 40க்கு 162. ஃபிளாப்ஸை வேகக் குறைப்புக் கருவியாக இந்த வரம்பின் விளிம்பில் பயன்படுத்தாதீர்கள். ஸ்பீட்பிரேக்கைப் பறக்கும்போது ஃப்ளைட் டிடென்ட்டை (லீவர் அமரும் பள்ளத்தை) தாண்டி இழுக்கக் கூடாது, 1,000 அடிக்குக் கீழே பயன்படுத்தவே கூடாது.

ஐஎல்எஸ் (ரன்வேக்கு வழிகாட்டும் ரேடியோ சிக்னல்) அணுகுமுறைக்கு இரண்டு ரேடியோவிலும் அதிர்வெண், இரு பக்கமும் கோர்ஸ். கிளைட்ஸ்லோப்பை (அந்தச் சிக்னல் காட்டும் சரிவுப் பாதையை) கீழிருந்துதான் பிடிக்க வேண்டும். மேலிருந்து துரத்தினால் சில சமயம் பிடிக்கும், பிடித்தாலும் வேகம் கைமீறும். அப்ரோச் பட்டனை அழுத்தியதும் வெள்ளையில் விஓஆர் எல்ஓசி (ரன்வேயின் நேர்கோடு), ஜிஎஸ் (கிளைட்ஸ்லோப்) இரண்டும் வர வேண்டும். கிளைட்ஸ்லோப் ஊசி அசையத் தொடங்கியதும் சக்கரம், ஃபிளாப்ஸ் 15. பிடித்ததும் 30. பச்சையில் ஜிஎஸ் வந்த பிறகு உயர ஜன்னலில் கோ-அரவுண்ட் (இறங்காமல் மறுபடி மேலே போகும்) உயரத்தைப் போடுங்கள். 1,000 அடியில் வேகமும் சரிவும் கட்டுக்குள் இல்லையென்றால் டிஓஜிஏ அழுத்தி மேலே போய்விடுங்கள்.

ஆட்டோலேண்டுக்கு (தானாகத் தரையிறங்குவதற்கு) இரண்டாவது ஆட்டோபைலட்டையும் 800 அடிக்கு முன் போட வேண்டும். சுமார் 1,500 அடியில் வெள்ளையில் ஃப்ளேர் (தரை தொடும் முன் மூக்கைத் தூக்கும் மோடு) தெரியும். 350 அடி வரை அது தெரியாவிட்டால் இரண்டும் அணைந்துவிடும். இரட்டை ஆட்டோபைலட்டில் வருகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 400 அடி வாக்கில் விமானம் மூக்கை மேலே தூக்கும் ட்ரிம்மைத் தானாகவே கூட்டும். அதற்குப் பிறகு ஆட்டோபைலட்டை அணைத்து கையால் இறக்கினால் மூக்கு குபீரென்று எழும்பும், ரன்வேயின் பாதி கீழே ஓடிப்போகும். கையால் இறக்குவதாக இருந்தால் ஒற்றை ஆட்டோபைலட்டில் வந்து, 1,000 அடிக்கு மேலேயே ஆட்டோபைலட்டையும் ஆட்டோத்ராட்டிலையும் சேர்த்து அணையுங்கள். 20 அடியில் மூக்கை 2 முதல் 3 டிகிரி மட்டும் தூக்கி, த்ரஸ்ட்டை மெல்ல மூடுங்கள். மிதக்க விடாதீர்கள்.

ஏ320 பக்கம் போகிறவர்களுக்கு ஒருசில வரிகள் போதும். அங்கே த்ரஸ்ட் லீவர் நகராது, சிஎல் (ஏறும் த்ரஸ்ட்) டிடென்ட்டில் நின்றபடியே ஆட்டோத்ரஸ்ட் வேலை செய்யும். ஆகவே வீட்டு வன்பொருளுக்கு ஏர்பஸ்தான் இயல்பாகப் பொருந்தும். ஆனால் லீவரின் ஒவ்வொரு டிடென்ட்டையும் ஃபெனிக்ஸ் அல்லது ஃப்ளைபைவயர் டேப்லெட்டில் அளந்து பதிவு செய்தே ஆக வேண்டும். பதியாமல் பறந்தால் லீவர் சிஎல்லில் இருப்பதாக நீங்கள் நினைக்க, விமானம் அதை சற்றே கீழாகப் படிக்கும், எல்விஆர் சிஎல்பி (லீவரை சிஎல்லுக்குக் கொண்டுவா) என்ற செய்தி மின்னிக்கொண்டே இருக்கும். இறங்கும்போது வேகம் தானாகக் குறையவில்லை என்றால் அப்ரோச் கட்டம் தொடங்கவில்லை, பெர்ஃப் பக்கத்தில் நீங்களே தொடங்குங்கள். பணம் செலவழிக்கும் முன் பழகிப் பார்க்க ஃப்ளைபைவயரின் ஏ32என்எக்ஸ் இலவசம், எக்ஸ்-ப்ளேன் என்ற வேறு சிமுலேட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஸீபோவின் 737-800 இலவசம். இரண்டுமே தரத்தில் விலைகொடுத்து வாங்குபவற்றுக்கு மிக அருகில் நிற்கின்றன.

ஐஎல்எஸ் சிக்னலே வராத சிக்கலுக்கு நாவ்டேட்டாவைப் பாருங்கள். வான்வழித் தரவு 28 நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. விமானத்தின் தரவு ஒரு சுற்றில், சிமுலேட்டரின் தரவு வேறு சுற்றில், சிம்ப்ரீஃபின் இலவசத் திட்டம் பழைய சுற்றில் என்று மூன்று விதமாக இருக்கலாம். வழித்தடத்தில் ஒரு புள்ளி "கிடைக்கவில்லை" என்பதும், ரன்வே எண் மாறியிருப்பதும், ஐஎல்எஸ் அதிர்வெண் பொருந்தாததும் இங்கிருந்து வருபவை. இந்தத் தரவை வழங்கும் நேவிகிராஃப் சேவையின் சந்தா இருந்தால் மூன்றையும் ஒரே சுற்றுக்குக் கொண்டுவரலாம். இல்லாவிட்டால் மூன்றும் பழையதாகவே ஒத்திருந்தாலும் பாதகமில்லை.

சிமுலேட்டர் புதுப்பிக்கப்பட்ட மறுநாள் விமானத்தில் திரைகள் கருப்பாக நின்றால், கம்யூனிட்டி ஃபோல்டரை (ஆட்-ஆன்கள் இருக்கும் ஃபோல்டரை) வேறு இடத்துக்கு மாற்றி, அந்த ஒரு விமானத்தை மட்டும் போட்டுப் பாருங்கள். அநேகமாக ஒரு பழைய லிவரியோ (விமானத்தின் வண்ணப்பூச்சுக் கோப்பு) மறந்துபோன வேறொரு சிறு ஆட்-ஆனோ குறுக்கே நிற்கும். ஃப்ரேம் குறைவுக்கு இந்த விமானங்களில் கிராஃபிக்ஸ் கார்டைவிட ப்ராசஸர்தான் பெரும்பாலும் காரணம். டெரைன் விவர அளவையும் விமான நிலையப் போக்குவரத்தையும் முதலில் குறையுங்கள், நிழல், மேகம் எல்லாம் பிறகு. ஃப்ரேமை 30இல் பூட்டி சீராக ஓடவிடுவது, 50க்கும் 20க்கும் இடையே தாவுவதைவிட லேண்டிங்குக்கு நல்லது.

இவ்வளவும் பார்த்த பிறகும் விமானம் புரியாமல் நடந்துகொண்டால், உடனே மறுபடி தொடங்காமல் அந்த நிலையிலேயே நிறுத்தி மூன்று படங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்: எஃப்எம்ஏ தெரியும்படி முதன்மைத் திரை, எம்சிபி பலகை, எஃப்எம்சியின் லெக்ஸ் பக்கம். "ஆட்டோபைலட் வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதினால் யாராலும் உதவ முடியாது. இந்த மூன்று படங்களும் இருந்தால் 737 தெரிந்த எவரும் காரணத்தைச் சில நிமிடங்களில் சொல்லிவிடுவார்.